ஸ்டீபன் விட்டுப்போன காரின் பேட்டரி

1

போன வாரம் எங்கள் தெருவில் இந்தக் குளிர்காலத்தின் முதல் உப்பு லாரி போனது. நியூ ஜெர்சியில் இருக்கும் எங்கள் எடிசனில் பனி விழுவதற்கு முன்பே சாலையில் உப்பைத் தூவிவிடுவார்கள். அன்று மாலை என் மகள் நித்யா கல்லூரி விடுதியிலிருந்து போன் செய்தாள். அவளுடைய காரை இங்கே வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மார்ச் வரை எடுக்கப் போவதில்லை, பேட்டரி செத்துப்போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். பல வருடங்களாக எங்கள் பேச்சு இப்படித்தான் இரண்டு தண்டவாளமாக ஓடுகிறது.

போனை வைப்பதற்கு முன், "ஸ்டீபன் அங்கிள் காருக்கு நீ பண்ணினியே, அதே மாதிரிதானே?" என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்டாள். ஆமாம் என்றேன்.

நாலு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஸ்டீபன் என்பது அவன் உண்மையான பெயரும் அல்ல. பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஊரையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

2

ஸ்டீபன் பாளையங்கோட்டைக்காரன். என்னைவிட ஐந்து வயது இளையவன். ஒரே அலுவலகத்தில், ஒரே வரிசையில் எங்களுக்கு மேசை. முதல் நாளே "அண்ணே" என்று கூப்பிட்டான். இங்கே முதல் பெயரைச் சொல்லித்தான் எல்லோரையும் கூப்பிட வேண்டும் என்று மேலாளர் சொன்ன பிறகும் அதை மாற்றவில்லை. மேலாளரும் கொஞ்ச நாளில் என் பெயரே 'அன்னி' என்று நினைத்துக்கொண்டு அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். நான் திருத்தவில்லை.

அவன் மனைவி கிரேஸ் ஊரில் பள்ளி ஆசிரியை. இங்கே வேலை செய்ய அவளுக்கு அனுமதி இல்லை. மகள் ஷீபாவை நாலு வயதில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேலை விசாவில் இருக்க அனுமதிக்கும் ஆறு வருடமும் தீரும் தறுவாயில் கிரீன் கார்டு விண்ணப்பம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. அதை வைத்து வேலை செய்வதற்கான அட்டை கையில் கிடைத்த வாரம் அவன் ஒரு காரியம் செய்தான். யாரோ ஒரு தாத்தா ஓட்டிய பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவிட்டான். நீல நிறம். இரண்டே இருக்கை. மேற்கூரையைப் பின்னால் மடக்கிவிடலாம்.

கிரேஸ் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஷீபாவ எங்க உக்கார வைக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஸ்டீபன் அந்தக் கோடையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முதலில் கிரேஸை ஒரு சுற்று, பிறகு ஷீபாவை ஒரு சுற்று என்று முறைவைத்து அழைத்துப் போனான். இங்கே வந்து ஆறு வருடத்தில் அவசியம் என்று இல்லாமல் அவன் செய்த ஒரே செலவு அதுதான் என்று நினைக்கிறேன்.

நவம்பரில் அந்தக் காரை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. அவர்கள் இருந்த அபார்ட்மெண்டில் திறந்தவெளிப் பார்க்கிங்தான். உப்பு அடித்தட்டைத் தின்றுவிடும். என் வீட்டுக் கராஜில் இரண்டு கார் நிற்கலாம். ஒன்றை வெளியே நிறுத்திக்கொண்டு அவனுக்கு இடம் கொடுத்தேன்.

3

முதல் குளிர்காலத்தில் சும்மா நிறுத்திவிட்டுப் போய்விட்டான். மார்ச்சில் சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. மூடியைத் திறந்து பார்த்தால் பேட்டரியின் பக்கவாட்டில் விரிசல். சார்ஜ் இறங்கிப் போன பேட்டரிக்குள் இருக்கும் திரவம் தண்ணீர் மாதிரி உறைந்துவிடும், உறையும்போது விரிந்து பெட்டியை உடைத்துவிடும் என்று கார் சாமான் கடையில் இருந்த ஆள் விளக்கினான். ஸ்டீபனுக்கு அவமானமாகப் போய்விட்டது. "மின்சாரம் படிச்ச ரெண்டு பேரு இருந்தும் இப்படி ஆயிருச்சே அண்ணே" என்றான்.

அடுத்த நவம்பரில் முறையாக இறங்கினான். செங்கல் அளவில் ஒரு சிறிய சார்ஜர், ஒரு வோல்ட் மீட்டர், ஒரு கேன் காய்ச்சி வடித்த தண்ணீர் எல்லாம் வாங்கி வந்து எனக்கு வகுப்பு எடுத்தான். கார் ஓடாமல் நின்றாலும் உள்ளே கடிகாரமும் திருட்டு அலாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் நிறுத்திய உடனே மைனஸ் முனையைக் கழற்றிவிட வேண்டும். வாரம் ஒரு தடவை மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு புள்ளி ஆறு காட்டினால் நிறைந்திருக்கிறது. பன்னிரண்டு புள்ளி நாலுக்குக் கீழே இறங்கினால் சார்ஜரைப் போட வேண்டும். முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு. போட்டுவிட்டு மறந்து போகக் கூடாது. அந்தச் சார்ஜர் தானாக நிற்காது. நாள் கணக்கில் விட்டால் உள்ளே கொதித்துத் தண்ணீர் வற்றிவிடும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி கராஜ் சுவரில் ஒட்டினான். கீழே ஒரு அட்டவணை. தேதி, வோல்ட். முதல் இரண்டு வரியை அவனே நிரப்பினான். மூன்றாவது வரிக்கு அவன் வரவில்லை.

4

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முதல் நாள் பாளையங்கோட்டையிலிருந்து அவன் தங்கை போன் செய்தாள். அப்பாவுக்கு மூளையில் இரத்தக் கசிவு, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம், உடனே வா.

ஸ்டீபன் கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வக்கீலின் அலுவலகத்துக்குப் போன் செய்தான். எல்லோரும் விடுமுறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். பதில் கருவியில், "மை ஃபாதர் இஸ் சீரியஸ்" என்று செய்தி விட்டான். ஒரு மணி நேரத்தில் உதவியாளர் பெண் திரும்பக் கூப்பிட்டு, எதைப் பற்றி சீரியஸாக இருக்கிறார் என்று கேட்டாள். நம் ஊரில் எல்லோருக்கும் புரிகிற வார்த்தை அவளுக்குப் புரியவில்லை. அவன் விளக்கியதும் வருத்தம் தெரிவித்தாள். வக்கீல் திங்கட்கிழமை வருவார், அதுவரை நாட்டைவிட்டுப் போக வேண்டாம் என்றாள்.

மறுநாள் மதியம் அவன் என் வீட்டுக்கு வந்தான். என் மனைவி விஜயா சாப்பாடு போட்டாள். சாப்பிடாமல் கையில் பிசைந்துகொண்டே கேட்டான்.

"அண்ணே, போன வருஷம் உங்க தங்கச்சி கல்யாணத்துக்குப் போனீங்களே, அப்ப உங்களுக்கும் கிரீன் கார்டு பெண்டிங்லதான இருந்துச்சு?"

"ஆமா."

"திரும்பி வரும்போது ஏர்போர்ட்ல ஏதும் கேட்டாங்களா?"

இந்த இடத்தை நான் நிதானமாக எழுத வேண்டும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளியே போனால் திரும்பி வர ஒரு முன் அனுமதிக் கடிதம் வேண்டும். அது இல்லாமல் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கடிதம் இருந்தது. கல்யாணத் தேதி நாலு மாதம் முன்பே தெரியும் என்பதால் வக்கீல் வாங்கி வைத்திருந்தார். அவன் கேட்ட அந்த நொடியில் அது எனக்கு நினைவுக்கு வந்தது. மறந்துவிட்டேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை.

"ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

அது பொய் இல்லை. அவர்கள் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே நான் கடிதத்தை நீட்டிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது நியாயம் ஆகாது. எங்கள் ஊர் ஈரோடு. என் அப்பா இறந்தபோது நான் இங்கே வந்து எட்டு மாதம். போனால் வேலை போய்விடும் என்று போகவில்லை. தம்பி கொள்ளி வைத்தான். காரியம் எல்லாம் முடிந்த பிறகு அம்மா போனில், "நீ வருவேன்னு ஒரு நாள் முழுக்க வெச்சிருந்தோம்" என்றாள். குற்றம் சொல்லும் குரலில் இல்லை, நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் போனில் என்ன பேசினாலும் எனக்கு அந்த ஒரு நாள்தான் கேட்கும்.

ஸ்டீபன் எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசையும்போது, கடிதத்தைப் பற்றிச் சொன்னால் இவன் திங்கட்கிழமை வரை நிற்பான், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. போகட்டும் என்று நினைத்தேன். அவனுக்காகத்தான் நினைத்தேனா என்று இன்றுவரை உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

"போயிட்டு வா ஸ்டீபன். அப்பா ஒருத்தர்தான். மத்ததெல்லாம் பாத்துக்கலாம்" என்றேன்.

அன்று மாலையே கிளம்பிவிட்டான். நெவார்க் விமான நிலையத்தில் இறக்கிவிட்டபோது கார்ச் சாவியை என் கையில் கொடுத்து, சனிக்கிழமை மறந்துவிடாதீர்கள் என்றான்.

5

அவன் அப்பா மேலும் பதினோரு நாள் இருந்தார். ஸ்டீபன் போய்ச் சேர்ந்த மறுநாள் கண் விழித்து அவன் பெயரைச் சொன்னாராம். ஒரு வாய் கஞ்சி அவன் கையால் வாங்கிக்கொண்டாராம். அடக்கம் முடிந்து திரும்பக் கிளம்பியவனை விமானக் கம்பெனிக்காரர்கள் சென்னையிலேயே நிறுத்திவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் இருந்த விசா காலாவதி ஆகியிருந்தது. அதற்குப் பதில் காட்ட வேண்டிய கடிதம் இல்லை.

வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார். விண்ணப்பம் கைவிடப்பட்டது. ஆறு வருடமும் முடிந்துவிட்டதால் பழைய வேலை விசாவில் உடனே வர முடியாது. கிரேஸ், ஷீபா இருவருடைய விண்ணப்பமும் அவனுடையதோடு கட்டியது என்பதால் அவையும் விழும். மறுபரிசீலனைக்கு எழுதிப் போடலாம், நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார். கிரேஸ் பிப்ரவரி கடைசி வரை காத்திருந்து பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் ஒன்பது மணிக்கு ஸ்டீபன் எனக்குப் போன் செய்தான். அங்கே மாலை. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"வோல்ட் எவ்வளவு காட்டுது அண்ணே?"

நான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கம்பியில்லாத போனோடு கராஜுக்குப் போய் மீட்டரை வைத்துச் சொல்வேன். தண்ணீர் மட்டம் கேட்பான். டயரில் காற்று கேட்பான். விண்ணப்பம் பற்றி நானும் கேட்க மாட்டேன், அவனும் சொல்ல மாட்டான். கிரேஸிடம் பேசும்போது அழுகிறான் என்று விஜயா சொன்னாள். என்னிடம் ஒரு நாளும் குரல் உடையவில்லை. பேட்டரியைப் பற்றிப் பேசும்போது அவன் இன்னும் நியூ ஜெர்சியில் இருப்பவன் போலவே பேசினான்.

ஜனவரியில் ஒரு நாள், இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கள் என்றான். குளிரில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவது நல்லதில்லை என்று அவனே எழுதி ஒட்டியிருந்தான். அதைச் சொல்லிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. கராஜ் கதவைத் தூக்கிவிட்டு, மைனஸ் முனையை மாட்டி, சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்தது. போனை இன்ஜின் பக்கத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரல் மரத்துப்போகும் வரை அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, "போதும் அண்ணே, ஆஃப் பண்ணிருங்க" என்றான்.

6

அன்றைக்கு முனையைத் திரும்பக் கழற்ற மறந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை கராஜுக்குப் போகவே முடியவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. கதவுவரை போவேன், திரும்பிவிடுவேன். சமையலறையில் நின்றபடியே போனில், "பன்னிரண்டு புள்ளி ஆறு" என்றேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரமும்.

நித்யாவுக்கு அப்போது பதினைந்து வயது. மூன்றாவது வாரம் மேசையில் உட்கார்ந்து சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் போனை வைத்ததும், "யூ டிட்ன்ட் ஈவன் செக்" என்றாள்.

அவள் எழுந்து கராஜுக்குப் போனாள். மீட்டரை வைக்க ஸ்டீபன் அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தான். திரும்பி வந்து பதினொன்று புள்ளி ஒன்பது என்றாள். தமிழில் சொன்னாள். அந்த ஒரு எண்ணைத்தான் அந்த வருடம் முழுக்க அவள் என்னிடம் தமிழில் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அதாவது பேட்டரி ஏறக்குறையக் காலி. வெளியே கடுங்குளிர். அலாரமும் கடிகாரமும் மூன்று வாரம் குடித்திருந்தன. சார்ஜரை மாட்டி இரண்டு நாள், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்து, தண்ணீர் ஊற்றி, ஒரு வழியாக ஏற்றினேன். ஒவ்வொரு தடவை போகும்போதும் நித்யாவும் கூட வந்து நின்றாள். ஏன் பொய் சொன்னாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருப்பேனோ என்னவோ.

7

பிப்ரவரி மூன்றாம் வாரம் மறுப்புக் கடிதம் வந்தது. அரைப் பக்கம். கிரேஸ் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. சாமான்களைத் தேவாலயத்தில் கொடுத்தாள், ஷீபாவின் பள்ளியில் போய்ச் சொன்னாள், காருக்கு விளம்பரம் கொடுத்தாள்.

வாங்க வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. குளிர்காலம் முழுக்க நின்ற கார் மாதிரியே இல்லை, யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டார். கிரேஸ் என்னைக் காட்டினாள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கார் தெருமுனையில் திரும்பிய பிறகும் கிரேஸ் கராஜிலேயே நின்றாள். சுவரில் இருந்த அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணா, நீங்க ஊருக்குப் போனப்ப உங்ககிட்ட அந்த லெட்டர் இருந்துச்சாமே. விஜயாக்கா எதேச்சையா சொன்னாங்க. ரெண்டே மாசத்துல வந்துருச்சுன்னு."

"இருந்துச்சு கிரேஸ்."

"அவர் உங்களக் கேட்டாரே."

"கேட்டாரு."

"அப்ப உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றாள். "இருந்துச்சு" என்றேன். என் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் சார்ஜர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டீபனிடம் நானே போன் செய்து சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாம். எங்க போனாலும் அண்ணன் ஒருத்தர் இருக்காருன்னு நம்பிட்டு இருக்காரு. வேலை போச்சு, வீடு போச்சு, பிள்ளை படிப்பு என்னாகும்னு தெரியல. அதையும் எடுத்துட்டா அவருகிட்ட என்ன இருக்கு? நீங்க சொல்லி நிம்மதியாயிருவீங்க. நான்ல அவரு கூட இருக்கணும்."

ஒருபோதும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். மூன்றாம் நாள் அவளையும் ஷீபாவையும் அதே விமான நிலையத்தில் இறக்கிவிட்டேன். ஷீபா போகிறபோது நித்யாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கிரேஸ் எனக்கு முறைப்படி கை கூப்பினாள்.

8

இந்த வருடம் கோடையில் ஊருக்குப் போயிருந்தேன். இப்போது நான் அமெரிக்கக் குடிமகன். எந்தக் கடிதமும் தேவையில்லை. பாளையங்கோட்டைக்குப் போகாமல் திரும்பிவிடலாம் என்றுதான் திட்டம். நான் வந்திருப்பது எப்படியோ ஸ்டீபனுக்குத் தெரிந்து, ஈரோட்டு வீட்டுக்கே போன் செய்துவிட்டான். கிளம்பிப் போனேன்.

ஒரு தனியார் கம்ப்யூட்டர் மையத்தில் பாடம் எடுக்கிறான். தலை பாதி நரைத்துவிட்டது. இரண்டு தடவை வேறு கம்பெனிகள் மூலம் முயன்று, இரண்டு தடவையும் பழைய கோப்பைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இப்போது அங்கேயும் வேலைகள் போய்க்கொண்டிருப்பதைச் செய்தித்தாளில் படிக்கிறேன், நல்லதாகப் போயிற்று என்று சிரித்தான். ஷீபா பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டியவள் எட்டாவதில் இருந்தாள். வந்த புதிதில் தமிழ் எழுதத் தெரியாமல் ஒரு வருடம், பேச்சே இல்லாமல் ஒரு வருடம் போய்விட்டது என்று ஸ்டீபன் சொன்னான். நான் நித்யாவிடம் பேசுகிற பழக்கத்தில் அவளிடம் ஆங்கிலத்தில், எப்படி இருக்கிறாய், நித்யாவை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "நல்லா இருக்கேன் மாமா. ஞாபகம் இல்ல" என்று தமிழில் சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஸ்டீபன் அப்பாவின் கல்லறைக்கு அழைத்துப் போனான். திரும்பி வந்து முன் அறையில் உட்கார்ந்தோம். சமையலறையில் கிரேஸ் காபி ஆற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எல்லாரும் கேக்காங்க அண்ணே, அவசரப்பட்டு வந்துட்டியேன்னு. கிரேஸ் அப்பா, அம்மா, சபையில இருக்கிறவங்க எல்லாரும். நான் ஒருத்தன்தான் அப்படி நெனைக்கல. எங்க அப்பா எம் பேரச் சொன்னாரு. அது போதும். போன்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த வக்கீல் மட்டும் போன்ல ஒரு வார்த்த சொல்லிட்டாரு. லெட்டர் இல்லாம யாராவது போவாங்களா, இதுகூடத் தெரியாதான்னு. நான் சொன்னேன், எங்க அண்ணன் போன வருஷம் அப்படித்தான் போய்ட்டு வந்தாரு, அவருக்கு அதிர்ஷ்டம் இருந்துச்சு, எனக்கு இல்லைன்னு." என் பக்கம் திரும்பினான். "அப்படித்தான அண்ணே? உங்ககிட்டயும் லெட்டர் இல்லைல்லா?"

சமையலறைச் சத்தம் நின்றது. கிரேஸ் இரண்டு டம்ளரோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. அவள் ஸ்டீபனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

அன்று எடிசனில் நான் சொன்னதைப் பொய் இல்லை என்று இத்தனை வருடம் எப்படியோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இல்ல ஸ்டீபன். என்கிட்டயும் லெட்டர் இல்ல" என்றேன்.

ஸ்டீபன் தலையை ஆட்டினான். முதுகை நாற்காலியில் சாய்த்துக்கொண்டான். கிரேஸ் வந்து ஒரு டம்ளரை அவனிடம் கொடுத்தாள், இன்னொன்றை என் முன்னால் வைத்தாள்.

"சர்க்கரை போதுமா பாருங்க அண்ணா" என்றாள்.

குடித்துப் பார்க்காமலே போதும் என்றேன்.